மீன் பெட்டியில் வந்த துடுப்பு வால் பாம்பு: இது என்ன?

கரிமேட்டுக்காரன் | ஞாயிறு, காலை 8.52

வணக்கம். நான் இங்கே வருவது படிக்க மட்டும்தான். இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை, தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

இன்று காலை மீன் எடுக்கப் போனேன். வழக்கமாக வாங்கும் அண்ணன் பாம்பனிலிருந்து வந்த ஐஸ் பெட்டியைக் கவிழ்த்தார். காரல், நகரை, கொஞ்சம் கெளுத்தி, இதற்கெல்லாம் நடுவே ஒரு பாம்பு. முதலில் விலாங்கு என்றுதான் நினைத்தேன். அவர் அதைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கியபோது வால் தொங்கியது. அந்த வாலைப் பார்த்த பிறகு விலாங்கு என்று சொல்ல மனம் வரவில்லை. ரிப்பனை நிறுத்தி வைத்ததுபோல் தட்டை. வள்ளத்தில் போடும் துடுப்பு மாதிரி. உடம்பு சாம்பல் நிறம், முதுகில் மங்கலான பட்டைகள், நீளம் ஒரு மீட்டர் இருக்கும். செத்திருந்தது.

"அண்ணே, கையில பிடிக்கிறீங்களே?" என்றேன். "கடப்பாம்புக்கு விசம் கிடையாதுப்பா. கரைக்கு வந்துட்டா அது கயிறு" என்று சொல்லிக் குப்பைக் கூடையில் எறிந்தார். நான் மூன்று படம் எடுத்துக்கொண்டேன் (இணைத்திருக்கிறேன்). இது கடல் பாம்புதானா? அவர் சொன்னது சரியா? வீட்டில் ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் குடைகிறாள்.

தூங்காநகரத்தான் | ஞாயிறு, காலை 9.05

மதுரையில் கடல் பாம்பா? எழுகடல் தெருவில் பிடித்திருப்பாய்ங்க.

வலைக்காரன் மகன் | ஞாயிறு, காலை 9.31

அண்ணே, நான் மண்டபம் பக்கம். இப்போது படிப்புக்காக மதுரையில் இருக்கிறேன். உங்கள் இரண்டாவது படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, எங்கள் வீட்டில் இதை வலக்கடியன் என்பார்கள். வலையில் ஏறினால் எங்கப்பா கையால் தொடவே மாட்டார். கம்பால் தூக்கிக் கடலில் விடுவார். மற்ற கடல் பாம்பென்றால் அவ்வளவு பயப்பட மாட்டார், இதற்கு மட்டும் தனி மரியாதை.

பெட்டியில் எப்படி வந்திருக்கும் என்றால், இழுவை மடியில், அதாவது படகு இழுத்துப் போகும் வலையில் ஏறியிருக்கும். கழிவு மீனோடு சேர்த்து அள்ளி ஐஸ் போட்டிருப்பார்கள். ராத்திரி நேரம், லைட் வெளிச்சம், நாலு பேர் வேகவேகமாக அள்ளும்போது விலாங்குக்கும் இதற்கும் வித்தியாசம் யார் பார்க்கிறார்கள்?

நாகமலை வாத்தியார் | ஞாயிறு, காலை 10.48

ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியன் நான். வலைக்காரன் மகன் சொன்ன பெயருக்குப் பிறகு வருகிறேன், அதில் ஒரு நல்ல கதை இருக்கிறது.

முதலில் விலாங்கா பாம்பா என்பது. விலாங்கு, அஞ்சாளை எல்லாம் மீன்கள். தலைக்குப் பின்னால் செவுள் துளை இருக்கும், முதுகு நெடுகத் துடுப்பு ஓடும். உங்கள் படத்தில் செவுள் இல்லை, துடுப்பு இல்லை, உடம்பு பூராவும் செதில். ஆகவே பாம்பு. நம் கண்மாய்களில் இருக்கும் தண்ணீர்ப் பாம்புக்கும் இதற்கும் வித்தியாசம் வாலில். தண்ணீர்ப் பாம்பின் வால் சாட்டை மாதிரி கூம்பி முடியும். இப்படிப் பக்கவாட்டில் தட்டையாகி, நுனியில் அகன்று உருண்டிருந்தால் அது கடல் பாம்புதான். அந்த வால் வெறும் சதைத் தட்டை இல்லை. வால் முள்ளெலும்புகளின் மேல் முள்ளும் கீழ் முள்ளும் நீண்டு, ஓலை விசிறிக்கு ஈர்க்குச்சிபோல் உள்ளே நின்று தாங்குகின்றன.

கடல் பாம்புகளில் இரண்டு கூட்டம். ஒன்று கரைக்கு ஏறி முட்டையிடும் கடல் கட்டுவிரியன்கள், லாட்டிகாடா பேரினம். அவற்றுக்கு வயிற்றில் அகலமான செதில்கள் இன்னும் உண்டு, பாறையில் ஊர்ந்து ஏறலாம். மற்றது கடலையே வீடாக்கிக்கொண்டது. அதில் பெரியது ஹைட்ரோஃபிஸ் பேரினம். கிரேக்கத்தில் நீர்ப் பாம்பு என்றுதான் பொருள். 1801இல் லாட்ரேய் வைத்த பெயர். உலகில் இன்று ஏறக்குறைய 50 இனங்களை இதில் சேர்க்கிறார்கள். இவை முட்டையிட ஏறுவதில்லை, கடலிலேயே குட்டி போடும். வயிற்றுச் செதில் சுருங்கிப் போய்விட்டதால் மணலில் போட்டால் நகரவே திணறும். மீன்கார அண்ணன் "கயிறு" என்றது அந்த அளவுக்கு உண்மை. ஆனால் கயிற்றுக்குப் பல் கிடையாது. இதற்கு மேல்தாடையின் முன்பக்கம் நச்சுப் பல் உண்டு, நல்ல பாம்புக்கு இருப்பது போலவே. இரண்டும் ஒரே எலாப்பிடே குடும்பம்.

தம்பி, தாடையின் அடிப்பக்கம் தெரிவதுபோல் படம் இருந்தால் போடுங்கள். ஒரு செதிலைப் பார்க்க வேண்டும்.

கரிமேட்டுக்காரன் | ஞாயிறு, காலை 11.20

சார், கூடை இன்னும் அங்கேதான் இருந்தது. அண்ணன் முறைத்தபடியே எடுத்துக் காட்டினார். நான் குச்சியால் புரட்டி எடுத்த படம் இது. நாற்றம் மூன்று தெருவுக்கு அடித்தது.

நாகமலை வாத்தியார் | ஞாயிறு, பகல் 12.15

குச்சியைப் பயன்படுத்தியது நல்லது. செத்த பாம்பின் தலையும் சில நேரம் கடிக்கும், அது தசையின் அனிச்சை.

படத்தில் கீழ்த்தாடை நுனியைப் பாருங்கள். நடுவில் ஒல்லியாக, நீளமாக, ஒரு பள்ளத்துக்குள் இறங்கினாற்போல் ஒரு செதில். மேல்தாடை நுனி அலகுபோல் கீழே வளைந்திருக்கிறது. இது ஹைட்ரோஃபிஸ் சிஸ்டோசஸ், கொக்கி மூக்குக் கடல் பாம்பு. கெளுத்தியோடு சேர்ந்து வந்ததிலும் ஆச்சரியமில்லை. இதன் முக்கிய இரையே கடல் கெளுத்தி. அடுத்தது பேத்தை மீன். ஒன்றில் முள், இன்னொன்றில் நஞ்சு. மற்ற பாம்புகள் ஒதுக்குவதை இது தலைப்பக்கமாகப் பிடித்து விழுங்குகிறது. தாடை அந்த அளவு விரிய அந்தப் பள்ளச் செதிலும் உதவுகிறது என்பார்கள்.

இனி அந்தப் பெயர்க் கதை. கிழக்கிந்தியக் கம்பெனியில் இருந்த பாட்ரிக் ரஸ்ஸல் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் படம் வரைந்து 1796இல் நூலாக்கினார். பின்னால் வந்த இரண்டாம் தொகுதியில் கடல் பாம்புகளும் உண்டு. ஊர்க்காரர்கள் சொன்ன பெயரையே பல பாம்புகளுக்குத் தலைப்பாக வைத்தார். 1827இல் போயி என்ற ஜெர்மானியர் அந்தப் பேச்சுப் பெயரையே லத்தீன் பெயராக்கினார்: வலகாடின். ஆனால் பிரான்சின் டோடான் 1803இலேயே தரங்கம்பாடிப் பாம்பை வைத்து சிஸ்டோசஸ் என்று எழுதிவிட்டார். முதலில் வைத்த பெயரே நிற்கும் என்பது விதி. இல்லாவிட்டால் உலகத்து ஆய்வேடுகளெல்லாம் இன்று இதை வலக்கடியன் என்றே எழுதிக்கொண்டிருக்கும். எனக்கு அதில் இன்னும் வருத்தம்.

வலைக்காரன் மகன் | ஞாயிறு, பகல் 12.32

சார், இது எனக்குப் புதுச் செய்தி. அப்பாவிடம் போனில் சொன்னேன். "எவன் வச்சான்? நாங்க வச்ச பேரு" என்றார். வலையைக் கடிப்பதால் வலைக்கடியன், அது வலக்கடியன் ஆயிற்று என்பது அவர் கணக்கு.

ஆண்டிபட்டி ஆறுமுகம் | ஞாயிறு, பகல் 1.10

எல்லாம் சரி. ஆனால் ஒன்று. எங்கள் மாமா ஏர்வாடியில் முப்பது வருடம் கடலுக்குப் போனவர். இரண்டு தடவை கடல் பாம்பு கடித்திருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை, அன்றைக்கே சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். புத்தகத்தில் இருப்பது வேறு, கடலில் நடப்பது வேறு. தேவையில்லாமல் மீன் வாங்குகிறவர்களைப் பயமுறுத்தாதீர்கள்.

இரவுப்பணி செவிலி | ஞாயிறு, பகல் 2.47

ஆறுமுகம் அண்ணா, உங்கள் மாமா சொன்னது பொய்யில்லை. அதனால்தான் அது ஆபத்து.

மலேசியாவின் பினாங்கில் அலிஸ்டேர் ரீட் என்ற மருத்துவர் 1950களிலும் 60களிலும் கடல் பாம்பு கடித்த மீனவர்களைத் தொடர்ந்து கவனித்து எழுதியிருக்கிறார். கடிபட்டவர்களில் பெரும்பாலோருக்கு விஷம் இறங்கவில்லை, அல்லது மிகக் கொஞ்சமே இறங்கியது. பாம்புக்கு விஷம் இரையைப் பிடிக்கத்தானே, ஆளைப் பார்த்ததும் பீய்ச்ச வேண்டும் என்று அதற்கு வேண்டுதலா? அதனால் பத்துப் பேரில் பலர் பிழைத்து வந்து "ஒண்ணும் இல்ல" என்று சொல்வார்கள். விஷம் இறங்கியவர் வந்து பேச மாட்டார்.

நான் தென் மாவட்டத்து மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்தபோது கடற்கரை ஊரிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வலை இழுக்கும்போது விரலில் ஏதோ குத்தியது, முள் என்று நினைத்தேன் என்றார். வீக்கம் இல்லை, வலி இல்லை. பல் தடம் கொசுக்கடி மாதிரி. வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கிறார். இரண்டு மணி நேரம் கழித்து உடம்பு பூராவும் அடித்துப் போட்டாற்போல் வலி. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வாயைத் திறக்கச் சொன்னால் தாடை இறுகிவிட்டது. பிறகு சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனது. அதைப் பார்த்துத்தான் வீட்டார் பயந்து வண்டி ஏற்றியிருக்கிறார்கள்.

கட்டுவிரியன் விஷம் நரம்பைக் கட்டும். இது நரம்பையும் கட்டும், தசையையும் கரைக்கும். கரைந்த தசையின் சிவப்புப் பொருள் சிறுநீரகத்தில் போய் அடைக்கும், அதுதான் அந்த நிறம். தசையிலிருந்து வெளியேறும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்தக்கூடும். அவருக்கு டயாலிசிஸ் செய்தோம், பிழைத்தார். மூன்று வாரம் ஆயிற்று.

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது: நம் நாட்டில் ஆஸ்பத்திரியில் போடும் பாம்புக்கடி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் விஷமும் இந்த நான்கினுடையதுதான். கடல் பாம்பு விஷத்தை அது முறிக்காது. அதற்கான மருந்து ஆஸ்திரேலியாவில் தயாராகிறது. அங்கே அதற்கு எடுப்பது இதே கொக்கி மூக்குப் பாம்பின் விஷத்தைத்தான். நம்மிடம் இருப்பது டயாலிசிஸும் வென்டிலேட்டரும். அவை காப்பாற்றும், ஆனால் நேரத்துக்கு வர வேண்டும். கீறாதீர்கள், கயிறு கட்டாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கையைக் காலை ஆட்டாமல் வைத்து வண்டி ஏற்றுங்கள். "கடலில் கடித்தது" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

ஆண்டிபட்டி ஆறுமுகம் | ஞாயிறு, மாலை 4.02

அந்தக் கட்டங்காப்பி விஷயம் கொஞ்சம் யோசிக்க வைத்துவிட்டது அக்கா. மாமாவிடம் கேட்டேன். இரண்டில் ஒரு தடவை "மறுநாள் பூராம் உடம்பு வலிச்சது, வலை இழுத்த வலின்னு நினைச்சேன்" என்கிறார். சரி, விடுங்கள்.

மதுரை மீனாள் | ஞாயிறு, மாலை 4.40

ஆறுமுகம் அண்ணன் "சரி விடுங்கள்" என்று சொல்லி இந்தத் தளத்தில் இதுதான் முதல் முறை. படம் பிடித்து மாட்டலாம்.

கரிமேட்டுக்காரன் | ஞாயிறு, இரவு 7.15

சார், மகளின் கேள்வி. "கடல்ல இருக்குற பாம்பு தண்ணிக்கு என்னப்பா செய்யும்? உப்புத் தண்ணி குடிச்சா நமக்கு வாந்தி வருதுல்ல?" நான் "அதற்குப் பழகியிருக்கும்" என்றேன். அவளுக்குப் போதவில்லை.

நாகமலை வாத்தியார் | ஞாயிறு, இரவு 9.33

உங்கள் மகள் கேட்டதைத்தான் ஆய்வாளர்கள் ரொம்ப காலம் கேட்காமல் விட்டார்கள். நானே 25 வருடம் வகுப்பில் தவறாகச் சொல்லிக்கொடுத்தேன்.

நான் சொன்னது இது: கடல் பாம்பின் நாக்குக்கு அடியில் உப்புச் சுரப்பி இருக்கிறது. கடல் நீரைக் குடிக்கும், மிகை உப்பை அந்தச் சுரப்பி வடித்து நாக்கு உறைக்குள் விடும், நாக்கை நீட்டும்போது உப்பு நீர் வெளியே தள்ளப்படும். சுரப்பி இருப்பது உண்மை, வேலை செய்வதும் உண்மை. கடல் நீரைக் குடிக்கிறது என்பதுதான் பிழை.

ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹார்வி லில்லிவைட் குழுவினர் எளிய காரியம் ஒன்று செய்தார்கள். பாம்பைப் பிடித்து எடை போட்டார்கள். கடல் நீரில் விட்டார்கள். உடம்பு வறண்டு கிடந்தும் ஒரு வாய் குடிக்கவில்லை. துடைத்து நன்னீரில் விட்டார்கள். குடித்தது, எடை கூடியது. இதை முதலில் லாட்டிகாடாக்களில் பார்த்தார்கள். பிறகு கோஸ்டா ரிகா கடலில் மஞ்சள் வயிற்றுக் கடல் பாம்பில், அதாவது ஹைட்ரோஃபிஸ் பிளாட்டூரஸில் பார்த்தார்கள். அது கரைக்கே வராத பாம்பு. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை தொடங்கி அமெரிக்காவின் மேற்குக் கரைவரை மிதந்து கிடக்கிறது. உலகில் இத்தனை பரப்பில் வாழும் பாம்பு வேறில்லை. நடுக்கடலில் அதற்கு நன்னீர் ஏது?

மழை. பெருமழை பெய்தால் நன்னீர் எடை குறைவென்பதால் உடனே கலந்துவிடாது, கடல் மேல் மெல்லிய ஏடுபோல் கொஞ்ச நேரம் நிற்கும், பாலில் ஆடை நிற்பதுபோல். பாம்பு மேலே வந்து அதைக் குடிக்கிறது. மழை இல்லாத மாதங்களில்? தாகத்தோடு இருக்கிறது. கோஸ்டா ரிகாவில் வறண்ட பருவம் ஆறேழு மாதம். அத்தனை நாளும் உடம்பு நீர் குறைந்துகொண்டே போகத் தாங்கிக்கொண்டு கிடக்கிறது. 2014இல் இதை வெளியிட்டார்கள்.

ஆக, உப்புச் சுரப்பி இரையோடு வாய்க்குள் போகும் உப்பைத் தள்ளத்தான். தாகத்தைத் தீர்க்க அதால் முடியாது. சுற்றிலும் தண்ணீர், குடிக்க மழைக்குக் காத்திருப்பு. பாப்பாவிடம் சொல்லுங்கள், வாத்தியாருக்கு 25 வருடம் தோன்றாத கேள்வி என்று.

தூங்காநகரத்தான் | ஞாயிறு, இரவு 9.50

வைகையில் தண்ணீர் விடுவார்களா என்று காத்திருக்கிற நமக்கு அது சொந்தக்காரப் பாம்பு போலிருக்கிறதே.

சார், விளையாட்டாகக் கேட்கவில்லை. ஆற்றங்கரை என்ற ஊரின் முகத்துவாரம் வழியாக வைகையில் ஏறி மதுரைக்கு வர வாய்ப்பு உண்டா? போன மழைக்கு வண்டியூர் கண்மாயில் கடல் பாம்பு என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றியது.

நாகமலை வாத்தியார் | ஞாயிறு, இரவு 10.12

வீடியோ நானும் பார்த்தேன். அது தண்ணீர்ப் பாம்பு. முதுகில் சதுரங்கக் கட்டம், கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்புக் கோடு, கூரிய வால். விஷமில்லாதது. பாவம், அதை அடித்துக் கொன்றார்கள்.

கேள்வி நல்ல கேள்விதான். கொக்கி மூக்கன் கழிமுகத்தை விரும்புகிற இனம். சேற்று நீர், கெளுத்தி, அலை ஏறி இறங்கும் ஆற்று வாய் எல்லாம் அதற்குப் பிடிக்கும். ஹைட்ரோஃபிஸ் பேரினத்திலேயே நன்னீருக்குக் குடிபோன உறவினர்களும் உண்டு. பிலிப்பைன்ஸில் ஒருகாலத்தில் கடலோடு இணைந்திருந்த டால் ஏரியில் செம்பெரி என்ற இனம். போர்னியோவில் சிபாவ் ஆற்றில், கடலிலிருந்து வெகு தூரம் உள்ளே, இன்னொன்று. அவை என்றும் நீர் வற்றாத, ஆழமான இடங்கள். நம் வைகை 258 கிலோமீட்டர் ஆறு. நம் ஊருக்குக் கீழே நூறு கிலோமீட்டருக்கு மேல் மணலும் அணைக்கட்டும் கருவேலமும். மிச்சம் வருகிற நீரும் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் நின்றுவிடும். பாம்பு நடந்துதான் வர வேண்டும், அதற்கு அகலமான வயிற்றுச் செதில் கிடையாது.

இரண்டாமாண்டு இளங்கலை | திங்கள், காலை 7.25

ஐயா, பாடப் புத்தகத்தில் கொக்கி மூக்குப் பாம்பு என்ஹைட்ரினா என்றும் மஞ்சள் வயிற்றுப் பாம்பு பெலாமிஸ் என்றும் இருக்கிறது. நீங்கள் எல்லாவற்றையும் ஹைட்ரோஃபிஸ் என்கிறீர்கள். தேர்வில் எதை எழுதுவது?

நாகமலை வாத்தியார் | திங்கள், காலை 8.40

தேர்வில் புத்தகத்தில் உள்ளதை எழுது, மதிப்பெண் வாங்கு. மனதில் இதை வைத்துக்கொள்.

பழைய ஆட்கள் தலையையும் செதிலையும் பார்த்துப் பிரித்தார்கள். மூக்கு வளைந்தால் ஒரு பேரினம், வயிறு மஞ்சளானால் ஒன்று, உடம்பு தடித்தால் ஒன்று. மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது இவையெல்லாம் ஹைட்ரோஃபிஸ் மரத்தின் உள்ளேயே, கிளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தன. பேரனைப் பங்காளி வீட்டில் எழுதி வைத்ததுபோல் ஆகிவிட்டது. அதனால் 2013இல் கேட் சாண்டர்ஸும் கூட்டாளிகளும் என்ஹைட்ரினா, லாபெமிஸ், பெலாமிஸ், அஸ்ட்ரோஷியா, கெரிலியா எல்லாவற்றையும் ஒரே ஹைட்ரோஃபிஸுக்குள் கொண்டுவந்தார்கள். பழைய பெயர்களை விடாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் சேர்த்தது சரி என்கிற கட்சி.

ஏன் இந்தக் குழப்பம் என்றால், இவை மிக அண்மையில், மிக வேகமாகப் பிரிந்தவை. குட்டி போடும் கடல் பாம்புகளின் முன்னோர் ஆஸ்திரேலியப் பக்கத்துத் தரைப் பாம்புகள். கடலுக்கு இறங்கியது சுமார் 60 முதல் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன். முன்னோரும் குட்டி போடுகிறவை என்பதால்தான் கரையையே விட்டுவிட முடிந்தது. லாட்டிகாடா தனியாக இறங்கியது, முட்டைப் பழக்கம் போகவில்லை, அதனால் கரையும் போகவில்லை. ஹைட்ரோஃபிஸ் கிளையோ கடைசிச் சில பத்து லட்சம் ஆண்டுகளில் சரசரவென்று இத்தனை இனமாகிவிட்டது.

உருவத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் கொக்கி மூக்கனே சாட்சி. ஆஸ்திரேலியப் பக்கமும் அச்சாக இதே மூக்கு, இதே பள்ளச் செதில் கொண்ட பாம்பு இருக்கிறது. ஒன்றே என்றுதான் நினைத்திருந்தார்கள். மரபணுவில் இரண்டும் நெருங்கிய உறவே இல்லை. ஒரே வேலை செய்து செய்து ஒரே முகம் வந்துவிட்டது.

ஆண்டிபட்டி ஆறுமுகம் | திங்கள், காலை 9.02

கல்யாண வீட்டில் சமையல்காரர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி தொப்பை வருவதுபோல.

வலைக்காரன் மகன் | திங்கள், காலை 9.30

முகம் என்றதும் நினைவு வருகிறது. சின்ன வயதில் மடியில் ஒரு பாம்பு ஏறியது. உடம்பு பின்னால் கைத்தடி மொத்தம், முன்பாதி பென்சில் மாதிரி, தலை சுண்டு விரல் நுனி அளவு. யாரோ இரண்டு பாம்பை ஒட்டி வைத்ததுபோல் இருந்தது. நோய் வந்த பாம்பு என்று நினைத்தோம். அது என்ன சார்?

நாகமலை வாத்தியார் | திங்கள், காலை 10.05

நோய் இல்லை, தொழில். ஹைட்ரோஃபிஸில் கிராசிலிஸ் அல்லது ஃபேசியேட்டஸ் என்ற இனமாக இருக்கும். அவற்றின் இரை சேற்றில் வளை போட்டுக் கிடக்கும் விலாங்கு வகைகள். வளைக்குள் நுழைகிற அளவுக்குத் தலையும் கழுத்தும் ஒடுங்கிவிட்டன. விழுங்கியதை வைக்கப் பின்னுடல் தடித்தது. இந்தச் சின்னத் தலையும் ஹைட்ரோஃபிஸில் ஒரு தடவை அல்ல, பல தடவை தனித்தனியாக வந்திருக்கிறது.

இன்னொரு முனையில் ஸ்பைராலிஸ் என்ற இனம். அது இரண்டரை மீட்டரைத் தாண்டும், கடல் பாம்புகளில் மிக நீளமானது.

மதுரை மீனாள் | திங்கள், காலை 11.11

எனக்கு ஒரு சந்தேகம். செவுளும் இல்லை, தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது, மூச்சு?

நாகமலை வாத்தியார் | திங்கள், பகல் 12.20

நம்மைப் போல மேலே வந்து காற்றைத்தான் இழுக்க வேண்டும். மூக்குத் துளைகள் முகத்தின் மேற்பக்கம் இருக்கின்றன, அவற்றுக்குள் அடைப்பான் மாதிரி சதை இருப்பதால் முழுகும்போது மூடிக்கொள்ளும். ஒரே நுரையீரல், ஆனால் அது ஏறக்குறைய உடம்பு முழு நீளத்துக்கும் ஓடுகிறது. பின்பாதி மிதவைக்கும் உதவும். ஒருமுறை மூச்செடுத்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரம்கூடச் சில இனங்கள் தாக்குப்பிடிக்கும். அதோடு தோலாலும் மூச்சு விடுகின்றன. மஞ்சள் வயிற்றுப் பாம்பு தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனில் மூன்றில் ஒரு பங்குவரை தோல் வழியே நீரிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

2019இல் வந்த செய்தி இன்னும் அழகு. ஹைட்ரோஃபிஸ் சயனோசிங்டஸ் என்ற கடல் பாம்பின் நெற்றித் தோலுக்கு அடியில் இரத்தக் குழாய்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. அங்கே ஆக்ஸிஜன் ஏறிய இரத்தம் மண்டையோட்டில் ஒரு துளை வழியாக மூளைக்குப் போகிறது. நெற்றியில் செவுள் வைத்தாற்போல. நெற்றிக்கண்ணன் ஊரில் இருந்துகொண்டு இதற்கு ஆச்சரியப்படக் கூடாதுதான், ஆனாலும் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

தோல் மூச்சுக்குத் தோல் சுத்தமாக இருக்க வேண்டும். பாசியும், கொட்டலசு என்ற ஓட்டுயிரும் ஒட்டும். அதனால் தரைப் பாம்பைவிட அடிக்கடி சட்டை உரிக்கும். உரசக் கல்லில்லாத நடுக்கடலில் மஞ்சள் வயிற்றுப் பாம்பு தன் உடம்பையே முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சுக்குள் தன்னையே இழுத்துச் சட்டையைக் கழற்றும்.

பொதுவாக இவை சாதுவான ஜீவன்கள். சீண்டாமல் கடிப்பதில்லை.

வலைக்காரன் மகன் | திங்கள், பகல் 1.45

சார், மன்னிக்கணும், கடைசி வரியில் மட்டும் ஒத்துப்போக மாட்டேன். மஞ்சப் பாம்பு, பட்டைப் பாம்பு எல்லாம் நீங்கள் சொன்னது சரி, மடியில் கிடந்தால் கிடக்கும். வலக்கடியன் அப்படி இல்லை. வலையைக் குலுக்கும்போதே திரும்பும், கம்பைக் கடிக்கும், கயிற்றைக் கடிக்கும். எங்கப்பா மரியாதை கொடுப்பது சும்மா இல்லை.

நாகமலை வாத்தியார் | திங்கள், பகல் 2.10

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. கடல் பாம்புக் கடியால் இறந்தவர்களில் பெரும்பகுதி இதே இனத்தின் கணக்கில்தான் இருக்கிறது. பேரினத்துக்குச் சொன்னதை இனத்துக்கும் நீட்டியது என் தப்பு. உங்கள் அப்பா எனக்கு மார்க் குறைத்திருப்பார்.

நெறியாளர் | திங்கள், மாலை 3.00

சாரையும் நல்ல பாம்பும் சேர்வது, நாகமணி, பழிவாங்கும் பாம்பு பற்றி வந்த 11 பதிவுகள் "ஊர்க்கதை" பகுதிக்கு மாற்றப்பட்டன. அங்கே சண்டையைத் தொடரவும்.

இரவுப்பணி செவிலி | திங்கள், மாலை 6.20

ஒரு விஷயம் கேட்க மறந்துவிட்டேன். உயிரோடு ஏறினால் என்ன செய்வது? வியட்நாம் பக்கம் தாய்லாந்து வளைகுடாவில் வருடத்துக்கு 80 டன்னுக்கு மேல் கடல் பாம்பு பிடித்து விற்றார்கள் என்று படித்தேன். இங்கே அப்படி உண்டா?

வலைக்காரன் மகன் | திங்கள், இரவு 8.05

எங்கள் பக்கம் யாரும் வாங்குவதில்லை அக்கா, காசு இல்லாத சரக்கு. வனவிலங்குச் சட்டத்திலும் கடல் பாம்பு இருக்கிறது, கொல்லவோ விற்கவோ கூடாது. உயிரோடு இருந்தால் திருப்பி விடுவதுதான் வழக்கம். ஆனால் மடி மூன்று நான்கு மணி நேரம் அடியில் இழுபடும். மூச்சுக்கு மேலே வர முடியாமல் பாதி அங்கேயே மூழ்கிச் செத்திருக்கும். பாம்பு தண்ணீரில் மூழ்கிச் சாகும் என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

கரிமேட்டுக்காரன் | அடுத்த ஞாயிறு, காலை 9.10

இன்று மறுபடி கடைக்குப் போனேன். செவிலி அக்கா எழுதியதைப் போனில் வைத்து மீன்கார அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். தாடை இறுகுவது வந்தபோது கத்தியை நிறுத்தினார். கட்டங்காப்பி வந்தபோது கையைக் கழுவினார். "பதினெட்டு வருசமா அள்ளிப் போடுறேனேப்பா" என்றார். பிறகு பெட்டியைக் கவிழ்க்க நீளமான இரும்புக் கொக்கி ஒன்றை எடுத்தார். அது அங்கேயே சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மகளும் கூட வந்திருந்தாள். மழைத் தண்ணீர் குடிக்கும் கதையை அவளே அவரிடம் சொன்னாள். அவர் நம்பவில்லை. "கடல்ல கெடக்குறது மழையக் குடிக்குதா? ஏம்மா, யாரும்மா ஒனக்குச் சொன்னது?"

"நாகமலை வாத்தியார்" என்றாள்.

"அந்த வாத்தியார இங்க வரச் சொல்லு. அடுத்த பாம்பு வந்தா அவரே வந்து எடுத்துக்கட்டும், நான் தொட மாட்டேன்."

சார், எப்போது வருகிறீர்கள்? காலை ஐந்தரைக்கெல்லாம் பெட்டி இறங்கிவிடும்.